கொடி அசைவதற்கு முன்னால்

கார் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கொடி அசைந்த பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறார்கள். யார் முதலில் வந்தார், யார் யாரை முந்தினார், யார் எங்கே மோதினார். நான் இங்கே எழுதப்போவது அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. காரணம் ரொம்ப எளிது. என் வாழ்க்கையில் நான் நேரில் பார்த்ததெல்லாம் அந்த முந்தைய நாட்களைத்தான் :-)

சின்ன வயதில் சோழவரத்தில் பயிற்சி நாளைப் பார்த்தேன். பந்தய நாளுக்கு டிக்கெட் வாங்க வீட்டில் காசு கிடையாது. 2025 ஜனவரியில் அலுவலக வேலையாக துபாய் போனபோது 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியை ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். பந்தயம் தொடங்கும் முன்பே விமானம் ஏறி கோபர்கைரனே வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட நாற்பது வருடம். ஆனால் இரண்டு இடத்திலும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த விளையாட்டில் பெரிய முடிவுகள் பல, பந்தயம் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்டு விடுகின்றன. அவற்றுக்குக் கோப்பை கிடையாது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஃபார்முலா ஒன் நம்மில் பலருக்குத் தெரியும். ஒரு கார், ஒரு ஓட்டுநர், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எண்டுரன்ஸ் ரேஸ் அப்படி இல்லை. 6 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று போகும். ஒரே காரை மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அதிவேகக் கார்களும் அவற்றைவிட மெதுவான கார்களும் ஒரே நேரத்தில், ஒரே தடத்தில், வேறு வேறு பிரிவுகளில் ஓடும். பகலில் வெயில், இரவில் இருட்டு, நடுவில் மழையும் வரலாம். யார் வேகமானவர் என்பதைவிட யார் கடைசிவரை நிற்கிறார் என்பதுதான் கேள்வி.

நம் ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் ஓடுவது ஒரு நாள். தேரைக் கட்டுவது பல நாள். வடம் பிடிக்க ஆயிரம் பேர், ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிறவர் இல்லாவிட்டால் தேர் வீதி திரும்பாது. கடைசியில் தேர் நிலைக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்தால்தான் திருவிழா. தேரை இழுத்தது யார் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியுமா? எண்டுரன்ஸ் ரேஸும் இந்தச் சாதிதான்.

*

இந்த வகைப் பந்தயங்களுக்கெல்லாம் தாய்வீடு பிரான்சில் இருக்கும் லெ மான்ஸ். 1923 மே மாதம் முதல் 24 மணி நேரப் பந்தயம் அங்கே நடந்தது. அப்போது நோக்கம் வேகம் இல்லை. கார் தயாரிப்பவர்கள் விற்கிற கார் ஒரு பகலும் ஓர் இரவும் நிற்காமல் ஓடுமா, விளக்கு எரியுமா, பிரேக் பிடிக்குமா என்று சோதிப்பதுதான். 33 கார்கள் கிளம்பி 30 கார்கள் முடித்தன. இன்றைக்குப் பார்த்தாலும் ஆச்சரியமான கணக்கு.

லெ மான்ஸில் பந்தயத்துக்கு முந்தைய நாட்களே ஒரு திருவிழா. ஊர் நடுவில் மக்கள் முன்னிலையில் காரை எடை போட்டு, அளந்து, விதிப்படி இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். பிறகு பயிற்சி, தகுதிச் சுற்று. ஒவ்வொரு ஓட்டுநரும் இரவிலும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பழைய கார்களில் ஓட்டுநர்கள் ஊர்வலம். சனிக்கிழமை பிற்பகல் தொடக்கம். நம் ஊரில் கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாகனம் இருப்பதுபோல.

இந்த ஊரின் வரலாற்றிலிருந்து இரண்டு கதைகளைச் சொல்லிவிட்டு நம் ஆட்களிடம் வருகிறேன்.

முதலாவது 1952. பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர். தன் டால்போ காரை ஓட்ட ஜோடி ஓட்டுநர் இருந்தும், ஸ்டீயரிங்கை அவர் கையில் கொடுக்கவே இல்லை. 24 மணி நேரமும் தானே ஓட்டுவது என்று இறங்கிவிட்டார். முன்னிலையிலும் இருந்தார். பல சுற்றுகள் முன்னிலை. முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது எஞ்சின் போனது. மெர்சிடிஸ் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஒருவர் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. இன்றைய லெ மான்ஸ் விதி, ஒருவர் 6 மணி நேரத்தில் 4 மணி நேரத்துக்கு மேலும், மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக்கூடாது என்கிறது. "நான் ஒருவனே போதும்" என்ற எண்ணத்துக்கு விதிப்புத்தகத்திலேயே இடமில்லை.

இரண்டாவது 1969. அந்தக் காலத்தில் லெ மான்ஸ் தொடக்கம் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். கார்கள் ஒரு பக்கம் சாய்வாக வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். கொடி அசைந்ததும் தடத்தின் குறுக்கே ஓடி, காரில் குதித்து, கிளப்பிக்கொண்டு பறக்க வேண்டும். 1925 முதல் இதுதான் வழக்கம். ஒரே ஒரு சிக்கல். அவசரத்தில் யாரும் பெல்ட்டை ஒழுங்காகப் போட்டுக்கொள்வதில்லை.

1969இல் ஜாக்கி இக்ஸ் என்ற 24 வயது பெல்ஜியம்காரர் ஓடவில்லை. எல்லோரும் ஓடும்போது அவர் பாட்டுக்கு நடந்து போனார். காரில் ஏறி, பெல்ட்டை நிதானமாக மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில் ஜான் வுல்ஃப் என்ற பிரிட்டிஷ்காரர் தன் போர்ஷே 917 காரில் மோதி இறந்துபோனார். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. 24 மணி நேரம் கழித்து, கிட்டத்தட்ட 5000 கி.மீ. ஓடிய பிறகு, கடைசி ஆளாகக் கிளம்பிய இக்ஸின் ஃபோர்டு ஜிடி40 வெறும் 120 மீட்டர் போல வித்தியாசத்தில் ஜெயித்தது. (அவருக்கு ஜோடி ஜாக்கி ஆலிவர்.) அடுத்த வருடத்திலிருந்து ஓட்டுநர்கள் பெல்ட் மாட்டி உள்ளே உட்கார்ந்த பிறகுதான் பந்தயம் தொடங்கியது. இன்று நாம் காரில் ஏறியதும் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறோமே, அந்தச் சில விநாடிகளை வீண் என்று நினைக்கிற யாருக்கும் இந்தக் கதையைச் சொல்லலாம்.

*

இனி சோழவரம்.

செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். ஏரி எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் அங்கே இருந்தது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மட்டும் மிஞ்சியது. 1950களின் தொடக்கத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) அந்தக் கிளப் சோழவரத்தைப் பந்தயத் தடமாக்கியது. எண்பதுகளின் கடைசி வரைக்கும் இந்தியாவில் கார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்த பிறகுதான் அந்தக் கதை முடிந்தது.

எங்கள் வீடு செங்குன்றம் பக்கம். பயிற்சி நாளன்று சைக்கிளில் இரண்டு பேர் மூன்று பேராகத் தொற்றிக்கொண்டு போவோம். தூரத்திலேயே சத்தம் கேட்கும். உள்ளே பார்த்தால் வைக்கோல் கட்டுகள், பழைய டயர்கள், தகர டிரம்கள், சவுக்குக் கட்டை. அவ்வளவுதான் பாதுகாப்பு. நாங்கள் வேலி ஓரத்தில் நின்று பார்ப்போம். எனக்கு ஓடுகிற காரைவிட நிற்கிற காரைப் பார்க்கத்தான் பிடிக்கும். பானெட்டைத் திறந்துபோட்டு நாலு பேர் தலையை உள்ளே விட்டிருப்பார்கள். ஒருவர் ஸ்பானரோடு காருக்கு அடியில் படுத்திருப்பார். கால் மட்டும் வெளியே தெரியும். யாரோ ஒருவர் கார்பரேட்டரைக் கழற்றி ஊதிக்கொண்டிருப்பார். மணிக்கணக்காக இது நடக்கும். கார் ஓடுவது இரண்டே சுற்று. திரும்ப வந்து நிற்கும், திரும்பத் தலைகள் உள்ளே போகும்.

அந்தக் காலத்தை இன்றைய பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். வெளிநாட்டிலிருந்து ஒரு உதிரிப் பாகம் வரவழைக்க வேண்டும் என்றால் லைசென்ஸ், வரி, காத்திருப்பு. பணக்காரர்கள் சிலரிடம் வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் இருந்தன. விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டியிருக்கிறார். மற்றவர்களுக்கு அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்த எஞ்சினைத்தான் குடைந்து, தேய்த்து, எடையைக் குறைத்து, பந்தயத்துக்கு ஏற்றபடி ஆக்க வேண்டும். ஆகவே சோழவரத்தில் பந்தயத்தின் பெரும்பகுதி ஒர்க்‌ஷாப்பில்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நாம் பார்த்தது அதன் தேர்வு முடிவு.

இந்த ஒர்க்‌ஷாப் மரபின் உச்சம் என்று நான் நினைப்பது கோயம்புத்தூர் எஸ். கரிவரதனை. மில் குடும்பத்துப் பிள்ளை, பந்தய வீரர். ஆனால் அவர் பெயர் நிலைத்தது ஓட்டியதற்காக மட்டும் இல்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே, கட்டுப்படியாகும் செலவில் செய்ய முடியும் என்று காட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 1995இல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் அமைந்ததுதான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கீழே வரப்போகும் இருவர், நரேன் கார்த்திகேயனும் அஜித் குமாரும், இருவருமே ஃபார்முலா மாருதி ஓட்டியவர்கள். ஒருவர் தொண்ணூறுகளில், மற்றவர் 2002இல். கோவையில் ஒரு மனிதர் ஸ்பானரோடு உட்கார்ந்து யோசித்ததன் பலன் பல வருடம் கழித்து பிரான்சிலும் துபாயிலும் தெரிந்தது.

*

நடுவில் நான் இருக்கிற ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998லிருந்து சோறு போடுகிற ஊரை விட்டுவிட்டு எழுதினால் நன்றாகவா இருக்கும்?

1968 நவம்பரில் லண்டன்-சிட்னி மாரத்தான் என்று ஒரு பந்தயம் நடந்தது. ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் இல்லை, ராலி. ஆனாலும் தாங்கும் சக்திக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. லண்டனில் 98 கார்கள் கிளம்பி ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஓடி, எழுபதுக்கும் சற்று மேற்பட்ட கார்கள் பம்பாய் வந்து சேர்ந்தன. இங்கிருந்து சூசன் என்ற கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலுக்குக் கொண்டுபோனார்கள். பம்பாயில் முன்னிலையில் இருந்தவர் ஃபோர்டு லோட்டஸ் கார்ட்டினா ஓட்டிய ரோஜர் கிளார்க். சிட்னியில் ஜெயித்தது ஹில்மன் ஹண்டரில் வந்த ஆண்ட்ரூ கோவன். பம்பாய் வரைக்கும் முதலில் வந்தவர் கடைசியில் முதலாவது இல்லை. பாதி வழியில் மார் தட்டக்கூடாது என்பதற்கு இந்தத் துறைமுகமே சாட்சி.

*

இப்போது 2009 ஜூன் 13, லெ மான்ஸ்.

நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பெயர் பெற்றவர். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் கால் வைத்த முதல் இந்தியர் ஆனார் நரேன். அந்த ஜோர்டன் அணியை அப்போது நிர்வகித்தவர் காலின் கோலெஸ். இதே கோலெஸ் 2009இல் லெ மான்ஸுக்குச் சொந்த அணியாக இரண்டு ஆடி ஆர்10 கார்களைக் கொண்டுவந்தார். 2006, 2007, 2008 என்று மூன்று வருடம் தொடர்ந்து லெ மான்ஸை ஜெயித்த டீசல் கார் அது. ஆடி நிறுவனம் அடுத்த மாடலுக்குப் போய்விட்டதால் தனியார் அணியின் கைக்கு வந்திருந்தது.

14ஆம் எண் காரில் மூன்று பேர். நரேன், நெதர்லாந்தின் சார்லஸ் ஸ்வோல்ஸ்மன், ஜெர்மனியின் ஆந்த்ரே லாட்டரர். லாட்டரருக்கு அதுதான் முதல் லெ மான்ஸ். ஜப்பானில் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐரோப்பாவில் அவ்வளவாகப் பேசப்படாதவர்.

அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று உடம்புக்கு ஒரே இருக்கை. உயரம், கை நீளம், கால் நீளம் மூன்றும் வேறு. அதற்கு ஏற்ப இருக்கையையும் பெடலையும் சரிசெய்ய வேண்டும். ஒருவர் இறங்கி மற்றவர் ஏறுவதைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்ய வேண்டும். இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்குப் பெல்ட் மாட்ட உதவ வேண்டும். பிறகு இரவுப் பயிற்சி, தகுதிச் சுற்று, வெள்ளிக்கிழமை ஊர்வலம். எல்லாம் முடிந்தது. சனிக்கிழமை வந்தது.

பந்தயம் தொடங்கச் சற்று நேரமே இருக்கும்போது, கார்கள் நிற்கும் இடத்துக்குப் போவதற்காக நரேன் பிட் சுவரைத் தாண்டிக் குதித்தார். கால் தடுமாறி விழுந்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது.

அவ்வளவுதான். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் நடந்த விபத்து இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் மொட்டை மாடியில் தினம் செய்கிற காரியம். மாதக்கணக்கான தயாரிப்பு, ஒரு வாரப் பயிற்சி, எல்லாம் ஒரு சுவரின் உயரத்தில் போய்விட்டது.

மூன்று பேருக்கான வேலையை இரண்டு பேர் செய்ய வேண்டியதாயிற்று. ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். இரண்டு பேரில் ஒருவர் முதல் தடவை வருகிறவர். ஒருவர் ஓட்டும் நேரம்தான் மற்றவருக்குச் சாப்பிட, தூங்க, காலை நீட்ட. இரவு முழுக்க அப்படித்தான். மறுநாள் அந்தக் கார் ஏழாவதாக வந்தது. அதே அணியின் இன்னொரு கார், மூன்று ஓட்டுநர்களோடு, ஒன்பதாவது.

லாட்டரரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருடமே ஆடி நிறுவனம் தன் சொந்த அணியில் சேர்த்துக்கொண்டது. 2010இல் இரண்டாம் இடம். 2011, 2012, 2014 என்று மூன்று முறை லெ மான்ஸ் வெற்றி. ஒருவரின் தோள் இறங்கிய இடத்தில் இன்னொருவரின் வாழ்க்கை ஏறியது.

நரேனுக்கு லெ மான்ஸில் 24 மணி நேரம் ஓட்டும் வாய்ப்பு அதற்குப் பிறகு வரவில்லை. ஃபார்முலா ஒன்னுக்கு 2011, 2012இல் திரும்ப வந்தார். ஜப்பானில் பல வருடம் ஓட்டினார். 2021 பிப்ரவரியில் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் ஆகியோரோடு சேர்ந்து இந்திய அணியாக ஆசிய லெ மான்ஸ் தொடரில் இறங்கினார். துபாயிலும் அபுதாபியிலும் நான்கு மணி நேரப் பந்தயங்கள். அப்போது அவருக்கு வயது 44. பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு சுவரில் விட்ட இடத்தை அவர் மறக்கவில்லை என்றுதான் நான் அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அந்த 2009 பந்தயத்தை ஜெயித்தது பியூஜோ. ஓட்டிய மூவரில் ஒருவர் டேவிட் பிராபம். மூன்று வருடம் கழித்து, 2012இல், இதே பிராபம் ஜேஆர்எம் என்ற தனியார் அணியின் காரில் பீட்டர் டம்பிரெக்கோடு வந்தார். மூன்றாவது ஓட்டுநர் சென்னையின் கருண் சந்தோக். ஆமாம், சோழவரம் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன். அந்தக் கார் ஆறாவதாக வந்தது. லெ மான்ஸில் பந்தயத்தைத் தொடங்கி முடித்த முதல் இந்தியர் என்று கருண் பெயர் பதிவாகியிருக்கிறது. அது நியாயம்தான். ஆனால் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிட் சுவர் ஞாபகம் வந்துவிடும்.

*

கடைசியாக துபாய்.

துபாய் ஆட்டோட்ரோமில் 24 மணி நேரப் பந்தயம் 2006 முதல் நடக்கிறது. ஜனவரி மாதம், குளிர்காலம். தடம் 5.39 கி.மீ. பெரிய நிறுவன அணிகளோடு சொந்தக் காசில் ஓட்டுகிறவர்களும் வருகிற பந்தயம்.

2025இல் அங்கே அஜித் குமார் வந்தார், சொந்த அணியோடு. சினிமாவை ஒரு நிமிடம் ஓரமாக வையுங்கள். 2002இல் ஃபார்முலா மாருதி, 2003இல் ஆசிய ஃபார்முலா பிஎம்டபிள்யூ, 2004இல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ, 2010இல் ஃபார்முலா டூ என்று விட்டு விட்டு ஓட்டிவந்தவர். பிறகு பதினான்கு வருடத்துக்கும் மேல் இடைவெளி. 53 வயதில் திரும்ப வந்திருந்தார். கார் போர்ஷே 992, எண் 901. கூட ஓட்ட மாத்யூ டெட்ரி, ஃபேபியன் டுஃபியூ, கேமரன் மெக்லியட்.

ஜனவரி 7ஆம் தேதி பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காயமில்லாமல் இறங்கி நடந்து வந்தார்.

நான் போன மாலையில் அங்கே பாதிப் பேர் தமிழ்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றியது. தேராவிலிருந்து, ஷார்ஜாவிலிருந்து, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்தவர்கள். "தல" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். நான் பழைய வழக்கப்படி நிற்கிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்குகள் சக்கரம் மாற்றிப் பழகினார்கள். மாற்றுவது, கழற்றுவது, திரும்ப மாற்றுவது. இந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு அணியும் தன் பிட்டில் எரிபொருள் நிரப்ப முடியாது. பொதுவாக ஒரு நிலையம் உண்டு, அங்கேதான் எல்லோரும் வரிசையில் போக வேண்டும். ஆகவே எப்போது உள்ளே வருவது, வந்தால் வரிசை இருக்குமா என்பதெல்லாம் முன்கூட்டியே போடும் கணக்கு. இருட்டிய பிறகு கார்கள் விளக்கோடு சுற்ற ஆரம்பித்தன. சோழவரத்தில் கார்பரேட்டரை ஊதிய கை ஞாபகம் வந்தது. இங்கே அந்த இடத்தில் லேப்டாப். பதற்றம் என்னவோ அதே பதற்றம்.

பந்தயத்துக்கு முன் அஜித் அணி ஒரு முடிவை அறிவித்தது. 901ஆம் எண் காரை அஜித் ஓட்டப்போவதில்லை. அந்தக் காருக்கு அவர் உரிமையாளர் மட்டும். அணியின் நலனையும் முன்னால் இருக்கும் நீண்ட பருவத்தையும் யோசித்து எடுத்த முடிவு என்றார்கள். அவர் ரசூன் அணியின் போர்ஷே கேமன் காரில், ஜிடி4 பிரிவில், 414ஆம் எண்ணில் ஓட்டினார்.

இந்த முடிவின் எடையைக் கவனியுங்கள். தன் பெயர் எழுதிய கார். தன்னைப் பார்க்கவே வந்த கூட்டம். லெவே போல "என் கார், நானே ஓட்டுவேன்" என்று சொல்லியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இருக்கையை விட்டுக்கொடுத்தார். நரேனுக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை, தோள் முடிவெடுத்துவிட்டது. இவருக்கு இருந்தது.

ஜனவரி 11, 12 தேதிகளில் பந்தயம். கோபர்கைரனே வீட்டில் யூடியூபில் பார்த்தேன். நடு ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பதை வீட்டம்மா ரசிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 901 தன் 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஜிடி4 பிரிவில் அஜித்துக்குப் பந்தய உணர்வுக்கான விருதும் கிடைத்தது. தேசியக் கொடியோடு அவர் ஓடிவந்த படம் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. வந்திருக்க வேண்டிய இன்னொரு படம், மோதிய நாளுக்கும் பந்தய நாளுக்கும் நடுவில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து அந்த முடிவை எடுத்தபோது எடுத்திருக்க வேண்டியது. அதை யாரும் எடுக்கவில்லை.

*

எங்கள் பகுதிப் பையன்கள் சிலர் சனிக்கிழமை ராத்திரி பாம் பீச் ரோட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நேரான, அகலமான சாலை. வாஷியிலிருந்து பேலாப்பூர் வரைக்கும் மிதித்தால் மிதித்துக்கொண்டே போகலாம். விபத்துச் செய்திகளும் அவ்வப்போது வரும். கேட்டால் "ரேஸ் அங்கிள்" என்கிறார்கள்.

தம்பிகளா, நீங்கள் செய்வது ரேஸ் இல்லை. எந்தப் பந்தயத்திலும் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். காரை எடை போடுகிறார்கள், பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார்கள், இருட்டில் ஓட்டத் தெரியுமா என்று முன்கூட்டியே சோதிக்கிறார்கள், உடம்பு சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய ஆளானாலும் இறக்கிவிடுகிறார்கள். மூன்று முறை லெ மான்ஸ் ஜெயித்த மாடலாக இருந்தாலும் தோள் இறங்கியவருக்கு அதில் இடமில்லை. அந்த முன்தயாரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் வேகம். வேகத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், மாதத் தவணையில்கூடக் கிடைக்கிறது.

ஓட்டியவர்களைப் பாராட்டுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நடந்து போய்ப் பெல்ட் மாட்டிய இக்ஸையும், மாருதி எஞ்சினை வைத்துக்கொண்டு யோசித்த கரிவரதனையும், தோளைப் பிடித்துக்கொண்டு தன் கார் கிளம்பிப் போவதைத் தாங்கிக்கொண்ட நரேனையும், தன் காரைத் தானே விட்டு இறங்கிய அஜித்தையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம். தேர் நிலைக்கு வந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

பி.கு: அடுத்த தடவையாவது ஒரு பந்தயத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். லீவு கிடைக்க வேண்டும். :-)